அக்காவுக்கு 3 மாசமா வாய்ப்புண் ஆறல, இப்ப மார்புலயும் கொப்புளம், பெம்ஃபிகஸ்னு சொல்றாங்க. ஒட்டிக்குமா? தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா? சரியாகுமா?

ஒட்டாதுங்க, சத்தியமா ஒட்டாது. தட்டு டம்ளர் தனியா வைக்கணுமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணிடாதீங்க, அந்த வலியோட அது வேற தாங்க முடியாது.

எங்கம்மாவுக்கும் இதே பெம்ஃபிகஸ் வல்காரிஸ்தான். அவங்களுக்கும் வாயிலதான் ஆரம்பிச்சுது, கன்னத்து உள்பக்கம் தோல் உரிஞ்சு செக்கச்செவேல்னு கெடக்கும், கொப்புளம்னு ஒண்ண நாங்க பாத்ததே இல்ல, ஏன்னா வாய்க்குள்ள அது வந்த வேகத்துல உடைஞ்சிடும். உடம்பு சூடுன்னு நெனச்சு மணத்தக்காளிக் கீரை, தேங்காப்பால், பி காம்ப்ளெக்ஸ்னு 5 மாசம் ஓட்டிட்டோம். ரசம் சோறு ஒரு வாய் வச்சாலே கண்ணுல தண்ணி கொட்டும், பசியோட தட்ட தள்ளி வச்சிடுவாங்க. அப்புறம் முதுகுல கொப்புளம் வந்ததும் அம்மைன்னு சொல்லி வேப்பிலை சொருகி வச்சோம், அதுல இன்னும் பத்து நாள் போச்சு. ஆஸ்பத்திரியில சேக்கும்போது பெட்ஷீட்ல தோல் ஒட்டி உரிஞ்சு வந்துச்சு, நர்ஸம்மா வாழையிலைய விரிச்சு அதுமேலதான் படுக்க வச்சாங்க.

தோல் செல்லுங்கள ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வைக்கிறது டெஸ்மோக்ளீன்னு ஒரு புரதம். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அத எதிரின்னு நெனச்சு தாக்குது, நார் அறுந்த பூச்சரம் மாதிரி செல்லெல்லாம் பிரிஞ்சு நடுவுல நீர் கோத்துக்குது. டெஸ்மோக்ளீன் 3 மட்டும் அடிபட்டா பெரும்பாலும் வாயோட நிக்கும், அதோட இன்னொரு வகையான டெஸ்மோக்ளீன் 1-உம் சேந்து அடிபட்டா தோலுக்கும் வரும்.

பயாப்ஸி, அதாவது சின்ன துண்டு தோல் எடுத்து பண்ற டெஸ்ட், எடுத்தாச்சான்னு நீங்க எழுதல. முதல்ல போன எடத்துல அம்மாவுக்கு புண்ணோட நடுவுல இருந்து மட்டும் எடுத்தாங்க, ரிப்போர்ட்ல ஒண்ணுமே தெளிவா வரல. புண்ண ஒட்டின நல்ல தோல்ல இருந்தும் ஒரு துண்டு எடுத்து, அத ஃபார்மலின்ல (வழக்கமா பயாப்ஸி துண்ட போட்டு வைக்கிற திரவம்) போடாம, தோல தாக்குற எதிர்ப்பு புரதம் அதுல ஒட்டியிருக்கான்னு காட்டுற இம்யூனோஃப்ளோரசன்ஸ் டெஸ்ட்டுக்கு அனுப்பணும். இத டாக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க.

சரியாகுமான்னா, அடங்கும், திரும்பவும் வரலாம். ஸ்டீராய்டு வர்றதுக்கு முன்னாடி இது வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பிழைக்கல, இன்னிக்கு அப்படி இல்ல. 1980கள்லயே நம்ம நாட்டுல டாக்டர் பஸ்ரிச்சா ஸ்டீராய்ட மாசாமாசம் பல்ஸா, அதாவது சில நாள் மட்டும் பெரிய டோஸா, ஏத்துற முறைய கொண்டுவந்தாரு. இப்ப ரிட்டுக்ஸிமாப்னு ஒரு ஊசி மருந்து இருக்கு, அமெரிக்காவுல 2018ல இதுக்குன்னே அனுமதி கொடுத்தாங்க. அம்மாவுக்கு 1000 மில்லிகிராம் வீதம் ரெண்டு வாரம் இடைவெளியில ரெண்டு டோஸ் போட்டாங்க, அதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி, டிபி டெஸ்ட் எல்லாம் பாத்துட்டுத்தான். புண்ணு ஆறிடுச்சுன்னு மட்டும் ஸ்டீராய்டு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து, டாக்டர் சொல்ற அளவுலதான் கொறைக்கணும்.

இப்போதைக்கு காரம் புளி வேண்டாம், நல்லா கொழைய வடிச்ச சோத்துல பால் ஊத்தி ஆறவச்சு கொடுங்க. எங்கம்மா இப்ப ரசம் ஊத்தி சாப்பிடுறாங்க. உங்க அக்காவுக்கு பயமா இருந்தா சொல்லுங்க, அம்மாவையே பேச சொல்றேன்.