அதிகத் திறமை கேட்கும் வீடியோ கேம் எது? என் ஓட்டு ஃபைட்டிங் கேமுக்கு

எந்த வகை வீடியோ கேம் ஆட அதிகத் திறமை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "ஃபைட்டிங் கேமைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது சும்மா பட்டன் அமுக்குவதுதானே" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்கள் அநேகமாக மொபைலில் பேட்டில் ராயல், அதாவது பப்ஜி மாதிரி கடைசிவரை உயிரோடு நிற்கிறவன் ஜெயிக்கும் கேம், ஆடுகிறவர். என்றைக்கோ நண்பர் வீட்டில் டெக்கன் என்ற ஃபைட்டிங் கேமை ஆடி, கைக்கு வந்த பட்டனையெல்லாம் தட்டி இரண்டு ரவுண்டு ஜெயித்திருப்பீர்கள். அந்த நண்பருக்கும் ஆடத் தெரியாது, அவ்வளவுதான்.

என் பதில்: ஒண்டிக்கு ஒண்டி மோதும் ஃபைட்டிங் கேம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

டெக்கன் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், என்ற கணக்கில் ஓடுகிறது. அதில் சாதாரண இடது குத்து 10 பிரேமில் வந்து விழும். நொடியில் ஆறில் ஒரு பங்கு. கண் பார்த்து, மூளைக்குப் புரிந்து, விரல் அசைய மனிதனுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். ஆக, அந்தக் குத்து வருவதைப் பார்த்த பிறகு யாராலும் தடுக்க முடியாது. எதிராளி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று முன்னாலேயே கணித்திருந்தால்தான் உண்டு. அதே நேரத்தில் அவனும் உங்களைக் கணித்துக்கொண்டிருக்கிறான். கை வேகம், மனப்பாட அறிவு, எதிரே இருப்பவனின் மனசைப் படிப்பது மூன்றும் ஒரே நொடியில் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ரவுண்டு போச்சு.

இதை நான் கற்றுக்கொண்டது திருச்சி உறையூரில் ஒரு பிளேஸ்டேஷன் கடையில். பிஎஸ் 2 காலம், டெக்கன் 5 வந்திருந்த சமயம். மணிக்கு இவ்வளவு என்று காசு, தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்குக் கன்ட்ரோலரைக் கொடுக்க வேண்டும் என்பது கடைச் சட்டம். பையன்களில் பாதிப் பேர் கிறிஸ்டி என்ற பெண் கேரக்டரை எடுத்து, உதைக்கும் பட்டன் இரண்டையும் போட்டு அமுக்குவார்கள். அவள் சுழன்று சுழன்று உதைப்பாள், புதிதாக வந்தவன் திணறுவான். நீங்கள் பார்த்ததும் இதைத்தான்.

பக்கத்து ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த ஒரு அண்ணன் சாயங்காலம் வருவார். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், கன்ட்ரோலரைத் தொடுவதற்கு முன் சட்டையில் கையைத் துடைத்துக்கொள்வார். அவர் உட்கார்ந்தால் கிறிஸ்டி பையன்கள் வரிசையாக எழுந்து போவார்கள். அவர் பரபரக்கவே மாட்டார். காலுக்கு வரும் உதையைக் குனிந்து தடுப்பார், அவள் நிலைதடுமாறுகிற அந்த இடைவெளியில் ஒரே அடி, அங்கிருந்து காம்போ, அதாவது விடாமல் தொடர் அடி.

அவர் எடுக்கும் கேரக்டர் காஸுயா. காஸுயாவின் மின்னல் குத்து இருக்கிறதே, அதைப் போட முன்பக்கம் ஒரு தட்டு, விரலை எடுத்து, கீழே, அப்புறம் கீழுக்கும் முன்னுக்கும் நடுவில் இருக்கும் மூலை. விரல் அந்த மூலைக்குப் போய்ச் சேரும் அதே பிரேமில் வலது குத்துப் பட்டனும் அமுங்க வேண்டும். நொடியில் அறுபதில் ஒரு பங்கு. சரியாக விழுந்தால் நீல மின்னல் தெறிக்கும், தடுத்தவனால்கூடத் திருப்பி அடிக்க முடியாது. ஒரு பிரேம் பிசகினால் சாதாரணக் குத்தாகிவிடும், அதைத் தடுத்தவன் நம்மை அடிப்பான். அந்த அண்ணனுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும், பேசிக்கொண்டே, மின்னல் விழும். இதைப் பட்டன் அமுக்குவது என்று சொன்னால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

த்ரோவை, அதாவது எதிராளி பிடித்துத் தூக்கிப் போடுவதை, உடைக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். "மூஞ்சியப் பாக்காதடா, கையப் பாரு" என்றார். கிங் என்ற மல்யுத்த கேரக்டர் பிடிக்க வரும்போது இடது கை நீண்டால் இடது குத்துப் பட்டன், வலது கை நீண்டால் வலது, இரண்டும் நீண்டால் இரண்டும். இதற்கும் கால் நொடிதான். அதுவரை ரவுண்டு முழுக்க என் கேரக்டரையே பார்த்து ஆடிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் எதிராளி கண்ணில் பட்டான்.

படை திரட்டி மோதும் ஸ்டார்கிராஃப்ட் ஆடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். 1998-இல் வந்த அந்த கேமின் போட்டிகளைத் தென் கொரியாவில் கேமுக்கென்றே இருந்த டிவி சேனல்கள் ஒளிபரப்பின. உச்சத்தில் இருப்பவர்கள் நிமிடத்துக்கு 300-க்கு மேல் கட்டளை கொடுக்கிறார்கள், அதுவும் ஒரு பக்கம் சண்டை, மறுபக்கம் சுரங்க வேலை என்று. கைக்கு வேலை என்று பார்த்தால் அதற்குத்தான் முதலிடம், மறுக்கவில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஏகே 47-இன் முப்பது தோட்டாவும் எப்படி ஏறி எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கையில் பதிய வைத்திருப்பவர்களிடமும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஐந்து பேர் அணியில் தோல்வியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பேட்டில் ராயலில் எந்தத் துப்பாக்கி கிடைக்கும், வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும் என்பதில் அதிர்ஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. டார்க் சோல்ஸ் மாதிரி கேம்கள் கடினம்தான், அதில் வரும் அரக்கனுக்கு என்னென்ன அடி என்பது எழுதி வைக்கப்பட்டது, நாளாக ஆகப் பழகிவிடும். மனுஷன் அப்படி இல்லை. நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்த ரவுண்டில் அவன் மாற்றிவிடுவான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் 2004-இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ என்ற பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக். ஜப்பானின் டைகோ உமெஹாரா, எதிரே அமெரிக்காவின் ஜஸ்டின் வோங். டைகோவின் கேரக்டர் கென்னுக்கு உயிர் ஒரு கோடு அளவுக்கு. அந்த நிலையில் வோங்கின் கேரக்டர் சுன்-லியின் சூப்பரை, அதாவது அவளுடைய பெரிய சிறப்பு அடியை, தடுத்தாலே செத்துவிடுவான், ஏனென்றால் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும். ஒரே வழி, ஒவ்வொரு அடியும் படும் தருணத்தில் எதிராளி இருக்கும் பக்கமாகத் தட்டி, உயிர் குறையாமல் அடியைத் தள்ளிவிடும் 'பாரி' செய்வது. வோங் சூப்பரைப் போட, டைகோ பதினைந்து உதையையும் ஒன்று விடாமல் பாரி செய்தார். கடைசி உதையை எம்பிக் காற்றிலேயே வாங்கி, இறங்கி அடித்து ஜெயித்தார். முதல் உதையை எல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுத் தட்ட நேரமே கிடையாது. வோங் அந்த நொடியில் சூப்பர் போடுவார் என்று கணித்திருந்தார்.

டெக்கன் ஆட்டக்காரர் அர்ஸ்லான் ஆஷையும் சொல்லியாக வேண்டும். பாகிஸ்தானின் லாகூர்க்காரர். 2019-க்கு முன் டெக்கன் என்றால் கொரியா, ஜப்பான் என்றுதான் பேச்சு. அந்த வருடம் பிப்ரவரியில் ஈவோ ஜப்பான், ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோ இரண்டையும் அவர் ஜெயித்தார். லாஸ் வேகாஸ் இறுதியில் அவரிடம் தோற்றவர் 'நீ' (Knee) என்ற பட்டப்பெயரில் ஆடும் கொரிய ஜாம்பவான். பட்டனை அமுக்கி ஜெயிக்க முடியுமென்றால் அவர் 2023, 2024 என்று திரும்பத் திரும்ப ஜெயித்திருக்க முடியாது.

கேட்காததை ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் டெக்கன் போட்டி வைக்க அனுமதி கேட்டுப் போனோம். காசு பந்தயம் எதுவும் இல்லை, ஜெயித்தவனுக்கு ஒரு கோப்பை. "ஆன்லைன் சூதாட்டமெல்லாம் இங்க கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே நாட்களில் டிவியில் ரம்மி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்றுதான் சொன்னது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம்தான் ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை, அதாவது வீடியோ கேம் போட்டிகளை, தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் இரண்டும் ஒன்றுதான்.

சரி, நிஜமாகவே முயன்று பார்க்க நினைத்தால் டெக்கன் 8 எடுங்கள். ஒரே ஒரு கேரக்டர், வாரா வாரம் மாற்றாதீர்கள். காம்போவைப் பிறகு பார்க்கலாம். முதலில் பிராக்டிஸ் மோடில் பனிஷ்மென்ட் டிரெய்னிங் என்று ஒன்று இருக்கிறது, எதைத் தடுத்தால் எதைத் திருப்பி அடிக்கலாம் என்று அது சொல்லிக் கொடுக்கும். தோற்ற மேட்சின் ரீப்ளேயைப் போட்டு, அடி வாங்கிய இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நீங்களே கன்ட்ரோலைக் கையில் எடுத்து ஆடிப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. உறையூர்க் கடையில் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.