'மர்மர்' கிட்டாரும் ஒரு வீண் செலவும்

வணக்கம் சார்,

நாங்கள் நாலு பேர். முதல் ஆல்பத்துக்குத் தயாராகிறோம். அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம்.-இன் 'மர்மர்' ஆல்பம் (1983) எங்களுக்கு உயிர். அந்த மணியோசைக் கிட்டார் அறுபதுகளின் பேர்ட்ஸ் குழுவிடமிருந்து வந்தது என்கிறார்களே, அப்படியானால் அவர்களைப் போல 12 கம்பி ரிக்கன்பேக்கர் கிட்டார் வாங்கிவிடலாமா? பாடகர் மைக்கேல் ஸ்டைப் பாடும் வரிகள் ஏன் புரிவதே இல்லை?

அன்புள்ள நண்பருக்கு,

வாங்காதீர்கள். சில நாட்களாக அதே ஆல்பத்தின் பேஸ் கிட்டாரை மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பேர்ட்ஸின் ரோஜர் மெக்வின் வாசித்தது 12 கம்பி. பிளாட் பிக்கோடு (கம்பியை மீட்டும் சிறு தகடு) விரல்களிலும் பிக் மாட்டி, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஷனைத் தாராளமாகப் போட்டு ஒலியை நீட்டினார். ஆர்.இ.எம். கிட்டாரிஸ்ட் பீட்டர் பக்கின் அடையாளமோ ஆறு கம்பி ரிக்கன்பேக்கர் 360. சாதாரண பிக் ஒன்றே போதும் அவருக்கு. அவர்கள் மேல் விழுந்த தாக்கமும் பேர்ட்ஸோடு முடிந்துவிடுகிறதா? '9-9' பாட்டின் வெட்டு வெட்டான கிட்டாரில் பிரிட்டனின் கேங் ஆஃப் ஃபோர் குழுவின் சாயல் இல்லையா? 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' பாட்டின் 1983 சிங்கிளின் மறுபக்கத்தில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் பாட்டையே பாடியிருக்கிறார்களே! யாரோ சொன்ன ஒற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள்.

நீங்கள் தேடும் ரகசியம் அவர்களின் பேஸ்காரர் மைக் மில்ஸிடம் இருக்கிறது. 'சிட்டிங் ஸ்டில்' கேளுங்கள். கிட்டார் கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) ஒவ்வொரு கம்பியாக உதிர்க்க, பேஸ் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும். உங்கள் பேஸ்காரர் கார்டின் மூல ஸ்வரத்தையே இடித்துக்கொண்டிருந்தால், 12 அல்ல, 24 கம்பி போட்டாலும் கிட்டார் மெலிந்துதான் கேட்கும்.

இதைச் செய்து பாருங்கள். சி கார்டைப் பிடித்து, 5ஆம் கம்பியை விட்டுவிட்டு 4 முதல் 1 வரை மேலும் கீழுமாகப் பிக்கால் உதிருங்கள். அடிஸ்தாயி பேஸுக்கு உரியது, அங்கே இருவரும் முட்டினால் இரண்டுமே கேட்காது. கிட்டார் அந்தக் கார்டிலேயே நிற்கட்டும். பேஸ் சி, ஈ, ஜி, ஏ என்று நகரட்டும். ஒரே கார்டு நாலு நிறம் காட்டும். பெரும்பாலும் கெடுவது இடது கையில்தான். 4ஆம் கம்பியை அழுத்தும் விரல் சாய்ந்து, திறந்திருக்க வேண்டிய 3ஆம் கம்பியைத் தொட்டுவிடும், ஒலி செத்துவிடும். விரல் நுனியில் நில்லுங்கள். கெயினை, அதாவது ஒலி சிதையும் அளவுக்குப் பெருக்குவதை, குறையுங்கள். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது அந்தச் சிதைவு (டிஸ்டார்ஷன்) அவற்றிலிருந்து புதிய அதிர்வெண்களைக் கிளப்பிவிடும், உதிர்த்ததெல்லாம் குழம்பாகிவிடும்.

சிந்தசைசரை வைத்து இடைவெளியை நிரப்பலாம் என்று தோன்றினால், அதுவும் வேண்டாம். தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேக் 'கேட்டபல்ட்' பாட்டில் அதைச் செய்தபோது பிடிக்காமல்தான் ஆர்.இ.எம். குழுவினர் தங்கள் பழைய தயாரிப்பாளர் மிட்ச் ஈஸ்டரிடமே திரும்பிப் போனார்கள், அவரோடு டான் டிக்சனும் சேர்ந்தார்.

ஸ்டைப் வரிகள்? முணுமுணுப்பான உச்சரிப்பு, மிக்ஸில் (ஒலிக்கலவையில்) தாழ்த்திய குரல். அவ்வளவுதான்.

அடுத்த ஒத்திகையில் கிட்டாரை நிறுத்திவிட்டு, குரல், டிரம்ஸ், பேஸ் மூன்றை மட்டும் போனில் பதிவுசெய்து அனுப்புங்கள். நிச்சயம் கேட்கிறேன்.