அமெரிக்காவில் வலதுசாரி வானொலிப் பேச்சுக்கு ஏன் அவ்வளவு மவுசு? நீங்கள் கேட்டதுண்டா?

கேட்டிருக்கிறேன். ஒருநாள் இருநாள் இல்லை, நாலு வருஷம்.

2009ல் ஒஹாயோ மாநிலத்தில் மேசன் என்ற ஊரில் குடியிருந்தோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் சிடி பிளேயர் பாடாது. வேலையோ மத்தியானத்தில் ஊர் ஊராகக் கார் ஓட்டும் வேலை. ரேடியோவை ஏஎம் பக்கம் திருப்பினால் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாதான். ஒபாமா பதவியேற்கச் சில நாள் முன்பே "அவர் தோற்கட்டும்" என்று வெளிப்படையாகச் சொன்ன ஆள். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அணைக்கத் தோன்றாது. காகிதத்தைச் சரசரவென்று புரட்டுவார், மேசையைத் தட்டுவார், திடீரென்று இரண்டு நொடி பேசாமல் இருப்பார். அடுத்து என்ன வரப்போகிறதோ என்று நம் கை ஸ்டியரிங்கில் அப்படியே நிற்கும். 2001ல் அவருக்குக் காது ஏறக்குறைய முழுதாகவே போய்விட்டது. நேயர்கள் பேசுவதை உதவியாளர்கள் தட்டச்சு செய்து காட்ட, அதைப் படித்துப் படித்தே பதில் சொல்லி நிகழ்ச்சியை நடத்தினார். பிறகுதான் காதுக்குள் கருவி வைத்தார்கள். கொள்கை பிடிக்கிறதோ இல்லையோ, தொழில் தெரிந்த மனிதர்.

சரி, மவுசுக்கு வருவோம். நம்மூர்ப் பட்டிமன்றத்தில் இரண்டு அணி இருக்கும், நடுவர் இருப்பார். அமெரிக்க வானொலியிலும் 1949 முதல் கிட்டத்தட்ட அப்படி ஒரு விதி இருந்தது: சர்ச்சைக்குரிய விஷயத்தைப் பேசினால் எதிர்த்தரப்புக்கும் இடம் கொடு. ரேகன் காலத்தில், 1987ல், அந்த விதியை எடுத்துவிட்டார்கள். மறு வருஷம் ஆகஸ்டில் லிம்பாவின் நிகழ்ச்சி நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. நடுவரே பேச்சாளர், எதிரணியே கிடையாது.

விதியை எடுத்தது மட்டும் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பாட்டுகள் எல்லாம் எஃப்எம்முக்குப் போய்விட்டதால் ஏஎம் நிலையங்கள் ஈயடித்துக்கொண்டிருந்தன. அங்கே வந்து, "நிகழ்ச்சிக்குப் பணம் வேண்டாம், விளம்பர நேரத்தில் கொஞ்சம் எங்களுக்குக் கொடுங்கள், போதும்" என்றால் எந்த நிலையக்காரர் வேண்டாமென்பார்? 1996ல் வந்த சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆக்கியது. கிளியர் சேனல் என்ற நிறுவனம் 1,200க்கும் மேல் வாங்கிக் குவித்தது. எந்த ஊருக்குப் போனாலும் அதே குரல் கேட்டதற்கு அதுவும் காரணம். (இடதுசாரிகளும் 2004ல் ஏர் அமெரிக்கா என்று ஒரு வானொலி ஆரம்பித்து, 2010ல் மூடினார்கள்.)

ஆனால் கேட்பவர் ஏன் கேட்டார்? அது எனக்குப் புரிந்தது ஒரு மத்தியானம். லிம்பா இல்லை, வேறொருவரின் நிகழ்ச்சி. டேட்டன் பக்கமிருந்து ஒருவர் போன் போட்டார். மொரைனில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவராம். குரல் தழுதழுக்க, வீட்டுக் கடன் தவணை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தொகுப்பாளர் "ம்ம்" கொட்டிக் கேட்டார், உண்மையாகவே அக்கறையோடு. அப்புறம் பேச்சு மெல்லத் திரும்பியது. ஆலையை மூடிய நிர்வாகம் போயே போய்விட்டது. வாஷிங்டன் வந்தது, சீனா வந்தது, கடைசியில் விசாவில் வந்து வேலையைப் பறிக்கிறவர்கள் வந்தார்கள். என் எச்1பி தாளின் நகல் எதிரே டாஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது. உடனே அதே குரலில், இடைவெளியே இல்லாமல், மெத்தை விளம்பரம்.

அந்த மனிதரின் வலி பொய்யில்லை. அதைக் காது கொடுத்துக் கேட்க அன்றைக்கு வேறு யாரும் இல்லை என்பதும் பொய்யில்லை. அதை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்பதில்தான் இவர்கள் பிழைப்பே இருக்கிறது. எங்கள் வீட்டு ஹீட்டரைப் பழுது பார்க்க வந்தவர் பேஸ்மென்டில் டூல்பாக்ஸ் மேல் ரேடியோவை வைத்துக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தார். "நீயும் கேட்பாயா?" என்றார். கேட்பேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அரை மணி நேரம் பேசினோம். இந்தியர்களைப் பற்றி அந்த ரேடியோவில் என்ன சொல்கிறார்கள் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கூலியில் இருபது டாலர் குறைத்துக்கொண்டார்.

லிம்பா 2021 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் டிரம்ப் நாடாளுமன்ற உரையின் நடுவிலேயே அவருக்கு அதிபர் பதக்கம் கொடுக்கச் செய்தார். இப்போது அதே பாணிப் பேச்சு பாட்காஸ்டுக்கும் யூடியூபுக்கும் போய்விட்டது. எலக்ட்ரிக் கார்களில் மோட்டார் இரைச்சல் ஏஎம்மைக் கெடுக்கிறதென்று சில கம்பெனிகள் ரேடியோவிலிருந்து ஏஎம்மையே எடுத்துவிட்டன. கூடாது என்று 2023ல் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸும் ஜனநாயகக் கட்சியின் எட் மார்க்கியும் சேர்ந்து மசோதா கொண்டுவந்தார்கள். அந்த இருவரும் சேர்ந்து நின்றதே பெரிய விஷயம்.

மேசனில் டைலர்ஸ்வில் சாலையோரம் டபிள்யூஎல்டபிள்யூ நிலையத்தின் பழைய கோபுரம் இன்னும் நிற்கிறது. 1930களில் 5 லட்சம் வாட்டில் ஒலிபரப்பியது. பக்கத்து வயல்களின் முள்வேலிக் கம்பிகூடப் பேசியதாக ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது பழக்கதோஷத்தில் ரேடியோவைத் தேடினேன். என் புதுக் காரில் ஏஎம் இல்லை.