சீனியை நிறுத்திவிட்டேன், கொழுப்பையும் குறைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 48 வயது. சுன்னாகத்தில் இருக்கிறேன். சலரோகம் கண்டுபிடித்து 4 வருடம். தேத்தண்ணிக்கும் சீனி போடுவதில்லை. மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் ஒழுங்காக எடுக்கிறேன். அப்படியிருந்தும் மருந்து கூடிக்கொண்டே போகிறது. இப்போது கிளினிக்கில் கொழுப்பையும் குறைக்கச் சொல்கிறார்கள். கொழுப்பு இதயத்துக்குத்தானே கூடாது? சலரோகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு டொக்டர்? தேங்காய் இல்லாமல் நான் எதைச் சமைப்பது?

பதில்: மருந்து கூடுவதற்கு உங்களை நீங்களே குற்றம் சொல்ல வேண்டாம் அம்மா. சலரோகம் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறத்தாழ பாதி போய்விட்டிருக்கும். மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் இனி நம்முடைய வேலை. கொழுப்புப் பற்றிய பேச்சு அங்கேதான் வருகிறது.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையியில், சின்னச் சின்னத் திட்டுகளாக பீற்றா கலங்கள் இருக்கின்றன. இன்சுலினைச் செய்வது இவைதான். இன்சுலின் முதலில் ஒரு நீண்ட இழையாகத்தான் உருவாகும். அதைச் சரியாக மடித்து, 3 இடங்களில் பிணைத்து, நடுத்துண்டை வெட்டி எடுத்தால்தான் வேலைக்கு ஆகும். பனையோலையை மடித்துப் பெட்டி இழைப்பதுபோல நுணுக்கமான வேலை. ஒரு மடிப்புப் பிசகினாலும் பெட்டி வராது.

நிரம்பிய கொழுப்பில், அதாவது நெய், பாம் எண்ணெய் போலக் குளிரில் உறையும் வகைக் கொழுப்பில், உள்ள பாமிற்றிக் அமிலம் கலத்துக்குள் அதிகமாகச் சேரும்போது, இந்த மடிக்கும் இடத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. அங்கே இருக்கவேண்டிய கல்சியம் குறைகிறது, பிழையாக மடிந்த இழைகள் குவிகின்றன. கலம் முதலில் உற்பத்தியைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். நெருக்கடி நீண்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். பெரியவர்களின் உடம்பில் புதிய பீற்றா கலங்கள் உருவாவது மிக அரிது என்பதால்தான் எனக்கு இதில் இவ்வளவு கவலை. இரத்தத்தில் சீனியும் உயர்ந்திருந்தால் சேதம் இன்னும் கூடும், ஏனென்றால் அந்த நேரம் கலத்தால் கொழுப்பை எரித்துத் தீர்க்க முடிவதில்லை.

இவையெல்லாம் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் கலங்களை வைத்துக் கண்டவை. மனிதர்களில் நேரடியாகக் காட்டுவது கடினம். ஆனால் ஒரே அளவு கலோரியை மேலதிகமாகக் கொடுத்துப் பார்த்தபோது, நல்லெண்ணெய் போன்ற நிரம்பாத கொழுப்பைவிட நிரம்பிய கொழுப்பே ஈரலில் கூடுதலாகப் படிந்தது. ஈரலில் கொழுப்புப் படிந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அந்தச் சுமையும் சதையியின் தலையில்தான் விழும்.

நல்லெண்ணெயில் நிறைய உள்ள ஒலெயிக் அமிலம் பீற்றா கலத்தை அப்படிக் குழப்புவதில்லை. கலம் அதைச் சிறு துளிகளாக ஒதுக்கி வைத்துவிடும். ஆய்வுகூடத்தில் பாமிற்றிக் அமிலத்தின் கேட்டைக்கூட அது குறைத்தது. ஆகவே தாளிக்க நல்லெண்ணெயே போதும், அதையும் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

சரி, தேங்காய். அதன் கொழுப்பில் பெரும்பகுதி லோரிக் அமிலம். பாமிற்றிக் அமிலம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் கெட்ட கொலஸ்ரோலை அது ஏற்றும், கலோரியும் அதிகம். தேங்காயை அடியோடு விலக்கச் சொல்ல மாட்டேன். சொதிக்கு முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம் பாலை மட்டும் சேருங்கள். புட்டுக்குப் பூவைப் பாதியாக்குங்கள். சம்பலும் சொதியும் ஒரே வேளையில் வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது கடையில் வாங்கும் ரோல்ஸ், பற்றீஸ், வடைக்கு. அவற்றைப் பெரும்பாலும் பாம் எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 44 வீதம் பாமிற்றிக் அமிலம்தான். மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. அளவுக்கு மீறிச் சாப்பிடும் சோறு, பாண், இடியப்பத்தையும் ஈரல் பாமிற்றிக் அமிலமாகத்தான் மாற்றுகிறது. எண்ணெயைக் குறைத்துவிட்டுச் சோற்றைக் கூட்டினால் பலன் இல்லை. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையுமாக இருக்கட்டும்.

2017இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், சலரோகம் கண்டுபிடித்து 6 வருடத்துக்குள் இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 46 வீதமானோருக்கு மருந்தில்லாமலே சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சதையியில் படிந்த கொழுப்பும் இறங்கியது. நீங்கள் 4 வருடத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு எடை கூடுதல் என்றால் இதைக் கட்டாயம் கிளினிக்கில் பேசுங்கள்.

ஆனால் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குமுன் கிளிக்கிளசைட் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். அளவை அவர்கள் மாற்ற வேண்டியிருக்கும், நீங்களாக நிறுத்த வேண்டாம். இடையில் கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் மட்டும் யோசிக்காமல் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்.