கிறிஸ்துமஸ் வேலை எல்லாம் ஒருத்தி தலையிலா?

சகோதரி, பலகாரம், வீடு சுத்தம், விருந்து எல்லாம் உங்கள் தலையில் விழுந்து, ஆராதனையில்கூடக் கண் சொக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

நாகர்கோவில் வீடு என்றால் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இல்லாமல் முடியாது, சரி. ஆனால் இரண்டும் காற்றுப் புகாத டின்னில் பத்து நாள் தாங்கும். டிசம்பர் 15-ஐ ஒட்டிய சனிக்கிழமையே சுட்டுவிடுங்கள். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்குங்கள். மேல்விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழலாது. நேரம் போவதே அங்கேதான். நீங்கள் முக்கிப் போட, கணவர் கம்பியால் திருப்பி எடுக்கட்டும். முந்திரிக்கொத்துக்குப் பாகு பதம் பார்க்க மாமியாரைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவார்கள்.

கேரல் பாட வருகிறவர்களுக்கு ஃபிளாஸ்கில் சுக்குக்காப்பி போதும். நடுராத்திரியில் யாரும் பெரிதாகச் சாப்பிட மாட்டார்கள்.

25-ஆம் தேதி பிரியாணியை வெளியே சொல்லிவிடுங்கள். விடியற்கால ஆராதனை முடிந்து வந்து அடுப்படியில் நிற்க வேண்டாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அப்புறம், பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். 24 சாயங்காலமே ஓடி ஓடிக் கொடுத்துவிடுவார்கள்.