‘நேராகச் செல்லுக்குள் போகும்’ மெக்னீசியம் மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. ரத்தத்தில் மெக்னீசியம் 1.9, நார்மல். ‘ரத்தத்தில் இருக்கும், செல்லுக்குள் இருக்காது, இது நேராகச் செல்லுக்குள் போகும்’ என்று கடையில் கிளைசினேட் (கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்த மெக்னீசியம்) மாத்திரை தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதல் பாதி சரி. உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ரத்தத்தில் இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் பற்றாக்குறை இருக்கலாம்.

மறுபாதி வியாபாரப் பேச்சு. கிளைசினேட், ஆக்சைடு என்று எந்தச் சேர்மமாக விழுங்கினாலும் ரத்தத்தில் கலந்தபின் எல்லாம் ஒரே மெக்னீசியம் அயனிதான். எவ்வளவு உள்ளே விடுவது என்பதைச் செல்லே பார்த்துக்கொள்கிறது. செல்லுக்குள் உள்ள மெக்னீசியத்தில் பெரும்பங்கு ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு), ரைபோசோம் (புரதம் தயாரிக்கும் பகுதி) போன்றவற்றோடு ஒட்டியிருக்கும். தனியாக உலவுவது லிட்டருக்கு 0.5 முதல் 1 மில்லிமோல் வரைதான். அது கூடினால் டிஆர்பிஎம்7 என்ற நுழைவாயில் அடங்கிவிடும். மிஞ்சியதை எஸ்எல்சி41ஏ1 என்ற புரதம், சோடியத்தை உள்ளே விட்டு வெளியேற்றும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் இந்தக் காவலைத் தாண்ட முடியாது.

கிளைசினேட்டே வேண்டாம் என்றில்லை. ஆக்சைடைவிட நன்றாக உறிஞ்சப்படும், வயிற்றைக் கலக்குவதும் குறைவு. ஆனால் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். சுத்தமான கிளைசினேட்டில் மெக்னீசியம் 14 சதவீதம்தான், 1000 மி.கி. கிளைசினேட்டில் சுமார் 140 மி.கி. கிடைக்கும். அதே 1000-க்கு 250 என்று போட்டிருந்தால் ஆக்சைடு கலந்திருக்கும் (ஆக்சைடில் 60 சதவீதம்). ‘எலிமென்டல்’ அளவே (மாத்திரையில் உள்ள மெக்னீசியத்தின் எடை மட்டும்) போடாத டப்பாவைத் தொடாதீர்கள். மாத்திரை வழியாக ஒரு நாளில் 350 மி.கி.க்கு மேல் வேண்டாம். கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. வெளியேற வழியின்றி ரத்தத்தில் ஏறிவிடும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

வயதானவர்களின் கெண்டைக்கால் பிடிப்புக்கு மெக்னீசியம் பெரிதாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதையும் காசு கொடுக்குமுன் யோசியுங்கள். நம்மூர் அண்டிப்பருப்பு (முந்திரி) ஒரு கைப்பிடியில் (30 கிராம்) 80 மி.கி. போல இருக்கிறது.

கேள்வி: கேஸுக்குப் பான்டோபிரசோல் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறேன். நானும் வாங்க வேண்டுமா?
– வாசகி, தக்கலை

பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை. இவ்வகை மாத்திரையை நெடுநாள் எடுத்தால் சிலருக்குக் குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது குறையும். அப்படிக் குறைந்திருந்தால் மெக்னீசியம் மட்டும் போதாமல் போகலாம். கேஸ் மாத்திரையையே மாற்றவேண்டி வரும். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.