இதயத் துடிப்புக் கோளாறுக்கு ரோபோ சிகிச்சை என்றால் நெஞ்சைத் திறப்பார்களா?

இல்லை. ரோபோ தானாக எதையும் முடிவு செய்வதும் இல்லை, இயக்குவது மருத்துவர்தான்.

இதயத் தசையில் ஏதோ ஓர் இடம் தவறான மின்துடிப்பைக் கிளப்பினால் துடிப்பு தாறுமாறாகும். அந்த இடத்தைச் சூடாக்கிச் செயலிழக்க வைப்பதுதான் அப்லேஷன். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்புவார்கள். வழக்கமாக அதைக் கையால் வளைத்துத் திருப்ப வேண்டும். குழாய் விறைப்பானது, இதயமோ துடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் சுவரில் துளை விழும் ஆபத்து சிறிதளவு உண்டு.

அமெரிக்காவின் ஸ்டீரியோடாக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கிய ரோபோ முறையில் படுக்கையின் இருபுறமும் பெரிய காந்தங்கள் இருக்கும். கதீட்டரின் நுனியிலும் குட்டிக் காந்தங்கள். வெளிக்காந்தங்கள் திரும்பினால் நுனியும் திரும்பும். காந்தப்புலம் சுமார் 0.1 டெஸ்லாதான் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு); எம்ஆர்ஐ ஸ்கேனில் பெரும்பாலும் 1.5 டெஸ்லா. நுனியைக் காந்தமே இழுப்பதால் குழாய் நூல்போல மென்மையாக இருக்கலாம், துளை விழும் பயம் வெகுவாகக் குறைகிறது. என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய லாபம். மருத்துவரும் அடுத்த அறையில் உட்கார்ந்தே இயக்கலாம், குழாய் எங்கே போகிறது என்று பார்க்க உதவும் எக்ஸ்ரே கதிர் அவர்மேல் படாது.

சரி, குறை? செலவு அதிகம், நேரமும் சில சமயம் கூடுதலாகும். எளிய கோளாறுகளுக்குக் கைமுறையே போதும். பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்களுக்கு, கை எட்டாத வளைவுகளில், இது உண்மையிலேயே உதவுகிறது.